ஓடும் நேரம் யாருடையது?

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் உடல்நலம் குறித்து ஒரு கூட்டம் நடந்தது. சிறப்பு விருந்தினராக வந்தவர் பல அரை மராத்தான்களை ஓடி முடித்தவர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒட்டிய வயிறு, நிமிர்ந்த நடை. நாள்தோறும் காலை நான்கரைக்கு எழுந்து பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் அலுவலகம் செல்வதாகச் சொன்னார். பிறகு அன்றைய உரையின் உச்சமாக ஒரு வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "நேரமில்லை என்று சொல்கிறவர்களிடம் இல்லாதது நேரம் அல்ல, மனம்." அரங்கம் கைதட்டியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த துப்புரவுப் பணியாளர்களில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. "நாமளும்தான் நாலு மணியிலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கோம். நமக்கு யாரு மாலை போடறாங்க?"

அந்தச் சிரிப்புக்குப் பிறகு என் கைத்தட்டலை நினைத்து வெட்கப்பட்டேன். இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது. ஓட்டத்துக்கு எதிராக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் மூன்றாண்டுகளாக ஓடுகிறவள். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கோ ஐந்தோ கிலோமீட்டர். பதக்கம் வாங்கும் ஓட்டம் இல்லை, மூச்சு வாங்கும் ஓட்டம்தான். ஆனாலும் அதன் மகிழ்ச்சியை அறிந்தவள். என் சண்டை அந்த வாக்கியத்தோடு. தனக்கென ஓர் அரைமணி நேரம் கிடைப்பதை ஒருவரது ஒழுக்கத்துக்குச் சான்றாகவும், கிடைக்காததை அவரது குறைபாடாகவும் காட்டும் அந்த உபதேசத்தோடு.

நேரம் என்பது தெருவில் கிடந்து, தேடுகிறவன் கண்ணில் படும் பொருள் இல்லை. குடும்பம் என்ற அமைப்புக்குள் ஒருவருக்கு ஓய்வு நேரம் வாய்க்கிறது என்றால், அந்த நேரத்துக்குரிய வேலையை இன்னொருவர் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். நேரம் கொடுக்கப்படுகிறது, அல்லது எடுத்துக்கொள்ளப்படுகிறது. கொடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் பெற்றவரின் மன உறுதியை மட்டும் போற்றுவது கணக்கை மறைப்பதாகும். இதுவே என் தரப்பு.

இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. அம்பத்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கற்றேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னார். நடக்கச் சொன்னார். நடந்தேன், பிறகு மெல்ல ஓடத் தொடங்கினேன். அப்போது என் நாள் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும். காலை நான்கரைக்கு எழுவது, மோட்டார் போடுவது, பால் காய்ச்சுவது, மூன்று பேருக்கு மதிய உணவு கட்டுவது, காலைச் சிற்றுண்டி. ஏழு மணிக்கு அம்பத்தூரில் மின்சார ரயில் பிடித்து, திருமுல்லைவாயல், அண்ணனூர் தாண்டி ஆவடியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் போவது. மாலை ஆறுக்குத் திரும்பினால் இரவுச் சமையல், மகனின் பாடம், நான் திருத்த வேண்டிய விடைத்தாள்கள். நாக் குழு வரும் ஆண்டென்றால் கோப்புகளும் வீட்டுக்கு வரும்.

என் கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். ஷிப்டு வேலை. முதல் ஷிப்டு வாரத்தில் அவர் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் சோற்று டப்பா இருக்க வேண்டும். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் இரவு பத்தரைக்கு மேல் வருவார், காலையில் தூங்குவார். இந்த அட்டவணையில் நாற்பது நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மனம் படைத்தவர்கள் யாரேனும் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆனாலும் நான் கண்டுபிடித்தேன். ஐந்து முதல் ஐந்து நாற்பது வரை. முதல் மாதம் முழுக்க என் மன உறுதியை நானே வியந்துகொண்டிருந்தேன். துறையில் சக ஆசிரியைகளிடம் பெருமையாகப் பேசினேன். அந்த விருந்தினர் பிற்பாடு சொன்ன வாக்கியத்தை ஏறக்குறைய அதே சொற்களில் நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் கால் சுளுக்கிப் பாதியிலேயே திரும்பினேன். அத்தை அடுப்பின் முன் நின்றிருந்தார். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டு தேய்ந்தவர். ஒரு கையைச் சமையல் மேடையில் ஊன்றி, மறுகையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் முந்தின இரவே காய் நறுக்கி வைத்துவிடுவதால் எல்லாம் தானே நடந்துவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நறுக்கிய காய் தானாகக் குழம்பாவதில்லை. "ஏன் அத்தை, நான் வந்து செய்ய மாட்டேனா?" என்றேன். "நீ வந்து செஞ்சா ஏழு மணி ரயிலுக்கு எப்படிம்மா போவே? உனக்குச் சக்கரை வந்துடக் கூடாதுன்னுதான் நிக்கறேன்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. அதனாலேயே தாங்க முடியவில்லை.

என் ஓட்டத்தின் ஒரு மாதக் கணக்கு அன்று எனக்குத் தெரிந்தது. என் இதயத்துக்கு நல்லது செய்துகொள்ள, தேய்ந்த இரண்டு முழங்கால்களை அடகு வைத்திருக்கிறேன். ஆணாதிக்கத்தை வகுப்பில் விளக்கும் நான், வீட்டில் எனக்கு வசதி கிடைத்ததும் அதே காரியத்தைச் சற்றும் கூச்சமின்றிச் செய்திருக்கிறேன். ஆண் ஓடினால் மனைவியின் நேரத்தில் ஓடுகிறான், பெண் ஓடினால் இன்னொரு பெண்ணின் நேரத்தில் ஓடுகிறாள். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள முடிந்த வீடுகளில் அந்த இன்னொரு பெண் தன் வீட்டு அடுப்பை மூன்றரைக்கே பற்றவைத்துவிட்டு வந்திருப்பாள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதற்கு அரசாங்கத்தின் எண்களே இருக்கின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் மக்களின் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும். ஆண்கள் செய்ததும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகியிருக்கிறது. ஐந்தாண்டுகளில் ஒரு நிமிடம். இதே வேகத்தில் போனால் இடைவெளி அடைபட ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அதுவும் வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண்களை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு. அடுப்பங்கரைப் பக்கமே வராதவர்கள் இந்தச் சராசரிக்குள் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன கேட்கிறது? வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உடலுழைப்பு. ஓட்டம் இரண்டாம் வகை. ஆகக் குறைந்தது வாரத்துக்கு 75 நிமிடம், அதாவது இருபத்தைந்து நிமிடமாக மூன்று நாள். இது பெரிய கோரிக்கை இல்லை. நாளொன்றுக்கு 201 நிமிடம் கூடுதலாக உழைக்கும் ஒருத்திக்கு வாரத்தில் 75 நிமிடம் எடுத்துக் கொடுக்க முடியாத வீடுகளில் குறைவது யாருடைய மனம்?

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று ஒரு வாதம் உண்டு. கல்வி கற்ற ஆண்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மி அரைத்த பாட்டிகளுக்கு மூட்டு வலியே வந்ததில்லை என்று ஒரு பொற்காலப் புராணமும் இதற்குத் துணையாக வரும். வேலை உடலைத் தேய்க்கும், பயிற்சி உடலைத் தேற்றும். இரண்டிலும் வியர்வை வருகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடா. அடுப்படியில் நிற்கும் கால் தன் விருப்பத்துக்கு நிற்கவில்லை. தெருவில் ஓடும்போது எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்பதையாவது நான் முடிவு செய்கிறேன். ஒரு நாளில் நான் மட்டுமே முடிவு செய்யும் காரியம் அது ஒன்றுதான். கல்லூரித் துப்புரவுப் பெண்மணியின் "ஓடிக்கிட்டே இருக்கோம்" என்ற சொல்லில் இருந்த கசப்பு இந்த வேறுபாட்டைப் பற்றியது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. அனுபவம் இரண்டு.

இனி நம் இலக்கிய நண்பர்களிடம் வருகிறேன். ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் பின் டீக்கடையில் நான் ஓடுகிறேன் என்ற செய்தி வெளிப்பட்டபோது எழுந்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. "நீங்களும் ஷூ வாங்கிட்டீங்களா?" என்றார் ஒருவர். நடுத்தர வர்க்கத்தின் புதிய மோஸ்தர், உடல் பற்றிய நார்சிசம், நுகர்வுப் பண்பாடு என்று அடுத்தடுத்து விமர்சனச் சொற்கள் வந்தன. இரவு இரண்டு மணி வரை புகைத்துக்கொண்டு தாஸ்தாயெவ்ஸ்கி பேசுவது கலகம், காலை ஐந்து மணிக்கு ஓடுவது பூர்ஷ்வாத்தனம். அந்த இரவு இரண்டு மணிப் பேச்சுக்கும் வீட்டில் ஒருத்தி கதவைத் தாழிடாமல் விழித்திருந்தாள் என்பதை நம் இலக்கிய வரலாறு எழுதவில்லை. எழுத்தாளனின் நேரமும் ஓட்டக்காரனின் நேரமும் ஒரே கிணற்றிலிருந்து இறைக்கப்பட்டவை. ஒன்றுக்குத் தியாகம் என்று பெயர், மற்றதற்கு மோஸ்தர் என்று பெயர்.

எதிர்முனையில் ஹருகி முரகாமியைக் காட்டி ஓட்டத்தைத் தத்துவமாக்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். ஓட்டம் பற்றி அவர் 2007-இல் வெளியிட்ட நூலை நானும் விரும்பிப் படித்தேன். 1982-இல், முப்பத்து மூன்று வயதில் ஓடத் தொடங்கியவர் அவர். நடத்திவந்த ஜாஸ் மதுக்கடையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராகி, இரவு பத்துக்குள் உறங்கி, காலை ஐந்துக்குள் எழும் வாழ்வை அமைத்துக்கொண்டார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அலுவலகம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் தன் சூழலை மறைக்கவும் இல்லை. ஆனால் அவருடைய தனிமையைக் கடன் வாங்கி, திருமுல்லைவாயலில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஷிப்டுக் கணவன் ஆகியோரோடு வாழும் ஒருத்திக்கு ஆலோசனை சொல்வது அபத்தம். அவளுக்கு முரகாமியைவிட அம்பை பயன்படுவார். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் அந்தப் பெரிய வீட்டின் இருண்ட மூலையைத் தன் அதிகார பீடமாக நம்பிய மூதாட்டியை நாம் எல்லோரும் வகுப்பில் விவாதித்திருக்கிறோம். விவாதித்துவிட்டு வீட்டுக்குப் போய் அதே மூலையிலிருந்து வரும் காப்பியைக் குடிக்கிறோம்.

பெண்ணின் ஓட்டத்துக்குத் தடை போடுவது புதிதும் இல்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பதற, அந்தப் போட்டியையே நீக்கினார்கள். 1960-இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. 1967-இல் பாஸ்டன் மராத்தானில் எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் போட்டி அதிகாரி ஒருவர் ஓடுபாதையிலேயே பிடித்து இழுத்தார். பெண்களை அப்போட்டி முறைப்படி ஏற்றது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் நுழைய 1984 ஆயிற்று. இந்த உடம்பு இத்தனை தூரம் தாங்காது என்பதுதான் அன்று சொன்ன காரணம். இன்று அப்படி யாரும் சொல்வதில்லை. யாரும் சட்டையைப் பிடித்து இழுப்பதுமில்லை. குக்கரின் விசில் அந்த வேலையைச் செய்கிறது.

வீட்டைப் பற்றி மட்டும் பேசி ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோடு நிறுத்தினால் நானும் பாதி உண்மையே சொன்னவளாவேன். என் கணவருக்கும் ஓட நேரமில்லை. அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது யார்?

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் விருப்பத்துக்கு என்பது உழைக்கும் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய கோரிக்கை. 1886-இல் சிகாகோவில் இதற்காக இரத்தம் சிந்தினார்கள். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார், இந்தியாவிலேயே முதல்முறையாக. நாம் முதல் எட்டைப் பற்றியே இன்றுவரை பேசுகிறோம். மூன்றாவது எட்டு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம். பாட்டுக்கும் வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் உரிய எட்டு அது. ஓட்டம் அந்தக் கணக்கில் வர வேண்டியது. உறக்கத்திலிருந்து திருடி எடுக்க வேண்டியதல்ல.

சிங்காரவேலரின் மே தினத்துக்கு நூறு ஆண்டு நிறைந்தது 2023-இல். அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தபின் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டம் தொடங்கப்பட்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. நல்ல திட்டம். தானே நெடுந்தூர ஓட்டக்காரராகிய ஓர் அமைச்சரின் முன்முயற்சி அது என்பதையும் மதிக்கிறேன். ஆனால் எட்டு கிலோமீட்டர் நடக்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சித்திரையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டம், ஐப்பசியில் எட்டு கிலோமீட்டர் நடைக்கு அழைப்பு. இரண்டும் ஒரே அரசாங்கத்திடமிருந்து ஒரே ஆண்டில் வந்தன. பாதை போட்டுத் தருகிறவர்கள், அதில் நடக்கிறவன் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து விடுபடுகிறான் என்றும் கேட்க வேண்டாமா?

நிறுவனங்களின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆண்டுக்கொரு மராத்தான், ஊழியர்களுக்கு நிறுவனப் பெயர் பொறித்த பனியன், ஞாயிறு காலை குழுப் புகைப்படம். திங்கட்கிழமை வழக்கம்போல இரவு ஒன்பது வரை வேலை. ஆலன் சில்லிட்டோ 1959-இல் ஒரு கதை எழுதினார். சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஏழைச் சிறுவன் நன்றாக ஓடுகிறான். பள்ளித் தலைவர் தன் பெருமைக்குக் கோப்பை வேண்டுமென்று அவனுக்கு விடியலில் ஓடிப் பழக அனுமதி தருகிறார். பந்தயத்தில் வெற்றிக் கோட்டின் அருகே வந்தும் அவன் வேண்டுமென்றே தோற்கிறான். தன் ஓட்டம் தனக்குரியது என்று காட்ட அவனுக்கு வேறு வழியில்லை. பனியன் மாட்டிக்கொண்டு ஓடும் என் முன்னாள் மாணவர்களை நிழற்படங்களில் காணும்போது எனக்கு அந்தச் சிறுவன் நினைவுக்கு வருகிறான்.

நேரத்தை அடுத்து நிலம். சென்னையில் ஓட்டம் என்றாலே மெரினாவும் பெசன்ட் நகர் கடற்கரையும்தான் படமாக வருகின்றன. கடற்காற்று, அகன்ற நடைபாதை, விளக்கு வெளிச்சம். மேற்குப் பக்கம் வந்து பாருங்கள். விடுதலைக்குப் பின் இந்நகரத்தின் தொழில் முழுக்க எங்கள் பக்கம் வந்தது. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, அறுபதுகளில் தொழிற்பேட்டை, ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை. ஆலைகளுக்குச் சாலை போட்டார்கள், லாரிகளுக்குச் சாலை போட்டார்கள். ஆலைக்குள் வேலை செய்கிறவன் மாலையில் காலாற நடக்க ஒரு நடைபாதை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஒருவர் ஓடினால் துரத்துவது யார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை மெட்ரோ பணிக்காக ஆண்டுக்கணக்கில் தோண்டிக் கிடந்தது. ஆவடிப் பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகளின் மரநிழல் சாலைகள் அங்கு வாழ்வோருக்கானவை.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. சாக்கடை தேங்கிக் கிடந்த ஏரியைச் சீரமைத்து, கரையில் நடைபாதை அமைத்து, 2019-இல் திறந்தார்கள். அரசு இப்பகுதிக்குச் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. வாரம் ஐந்து நாளும் கல்லூரிக்குப் போகும் பேருந்திலிருந்து அதைப் பார்க்கிறேன். வேலை நாளில் ஒரு முறைகூட இறங்கியதில்லை. இறங்கினால் முதல் வகுப்பு போய்விடும். நேரமில்லாதவளுக்கு நிலம் மட்டும் கொடுத்தால் அது பேருந்து ஜன்னலில் தெரியும் காட்சி.

ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். ஐந்து மணிக்கு ஓடும் பெண் நள்ளிரவு போன்ற இருட்டில் ஓடுகிறாள். எங்கள் தெருவில் நான்கு கம்பங்களில் இரண்டில்தான் விளக்கு எரியும். நாய்களுக்குக் கையில் குச்சி, மனிதர்களுக்குக் கையில் செல்பேசி. "ஆறரைக்கு மேல் ஓடலாமே" என்பவர்களுக்கு என் ஏழு மணி ரயிலை நினைவூட்டுகிறேன். "இன்னும் முன்னதாகத் தூங்கி முன்னதாக எழலாமே" என்பவர்களுக்கு இரவு பத்தரைக்குப் பசியோடு வரும் கணவரை நினைவூட்டுகிறேன். தூக்கத்தைக் குறைத்து உடல்நலம் தேடுவது கடன் வாங்கிச் சேமிப்பது போன்றது என்று எந்த மருத்துவரும் சொல்வார்.

அப்படியானால் நான் எப்படி மூன்றாண்டு ஓடினேன் என்ற கேள்வி நியாயமானது. சுளுக்குப் பிடித்த அந்த வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்தோம். ஒரு தாளில் காலை வேலைகள் அனைத்தையும் எழுதினேன். பதினேழு இருந்தன. அதில் பதினைந்து எனக்கும் அத்தைக்கும். கணவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒவ்வொரு ஆளுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். "இப்படி ஒரு லைன் ஓட்டினா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்" என்றார். எங்கள் வீட்டில் நடந்த ஆகப் பெரிய தத்துவ விவாதம் அதுதான்.

இரண்டாம் ஷிப்டு வாரங்களில் காலைச் சமையல் அவருடையது. தூக்கத்தை அவர் காலை எட்டிலிருந்து பத்து வரை ஈடுகட்டிக்கொள்கிறார். முதல் ஷிப்டு வாரங்களில் நான் மாலையில் ஓடுகிறேன், இரவுச் சமையல் அவருடையது. மகன் தன் டப்பாவைத் தானே கட்டுகிறான், தன் துணியைத் தானே துவைக்கிறான். பத்தாம் வகுப்புப் பையனை இப்படிச் செய்யலாமா என்று உறவில் ஒருவர் கேட்டார். பெண்ணாக இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். அத்தைக்குக் காலை ஏழு வரை அடுப்படியில் வேலையில்லை. ஆரம்பத்தில் அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆண்பிள்ளை அடுப்பில் நிற்பதைப் பார்க்கக் கூச்சப்பட்டார். இப்போது ஞாயிறு காலை, லாரிகள் இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில் நான் ஓடும்போது, அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார். வாரத்தில் அந்த ஒரு நாள் எங்கள் நால்வருடைய நேரமும் ஒன்றாக இருக்கிறது.

இந்த ஏற்பாடு எல்லா வீட்டிலும் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நானும் அந்த விருந்தினரின் மேடையில் ஏறியவளாவேன். கல்லூரித் துப்புரவுப் பெண்மணிக்குக் கணவர் இல்லை. அவருடன் எந்தத் தாளை வைத்து யார் உட்காருவது? அவருக்கு வேண்டியது எட்டு மணி நேர வேலையும், அதற்குத் தகுந்த கூலியும், விளக்கெரியும் தெருவும். உபதேசம் எதற்கும் ஈடாகாது.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. ஓடுகிற ஆண்களே, பதக்கத்தோடு படம் எடுக்கும் முன் அந்தக் காலையில் உங்கள் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதுங்கள். அதற்குச் சமமான நேரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். அவர் அதை ஓட்டத்தில் செலவிடுகிறாரா, வெறுமனே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாரா என்பது அவர் விருப்பம். நிறுவனங்களே, பனியன் வேண்டாம், ஆறு மணிக்கு ஆளை விடுங்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கும் பள்ளி, கல்லூரி மைதானங்கள் காலை ஐந்து முதல் ஏழு வரை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் வாயிலைத் திறந்து இரண்டு விளக்கு எரியவிடப் பெரிய திட்டம் தேவையில்லை. என் கல்லூரி நிர்வாகத்துக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.

அடுத்த முறை அதே விருந்தினர் வந்தால் நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "ஐயா, நீங்கள் நான்கரைக்கு எழுந்து ஓடிவிட்டு வரும்போது வீட்டில் பால் காய்ந்திருக்குமா?" காய்ந்திருக்கும் என்றால், யார் காய்ச்சினார்கள் என்பதை அவர் உரையில் சேர்த்துக்கொள்ளட்டும். அப்போது பின்வரிசையில் கோப்பை எடுக்க நிற்பவர்களும் சேர்ந்து கைதட்டக்கூடும்.